டிரம் நடுங்கி நின்றுவிடுகிறதா? வாஷிங் மெஷின் மோட்டார் சென்சாரை வீட்டிலேயே சோதிப்பது எப்படி

துணியைப் போட்டு பட்டனை அழுத்தியாயிற்று. தண்ணீர் நிரம்புகிறது. டிரம் இடது பக்கம் இரண்டு அங்குலம், வலது பக்கம் இரண்டு அங்குலம் நடுங்குகிறது. 'உர்' என்று ஒரு சத்தம், பிறகு அமைதி. நாலைந்து முறை இப்படி முயன்றுவிட்டு, திரையில் ஒரு குறியீட்டைக் காட்டி மெஷின் படுத்துவிடுகிறது. எல்ஜியில் அது 'எல்இ'. சாம்சங்கில் '3இ' அல்லது '3சி'. பாஷில் 'எஃப்21'.

விசாரித்தால் பத்தில் எட்டுப் பேர் 'ஹால் சென்சார் போயிருக்கும், மாற்றிப் பாருங்கள்' என்பார்கள். மோட்டார் சுற்றுவதைக் காந்தத்தின் மூலம் உணர்ந்து சொல்லும் இந்தச் சின்னச் சென்சார் சில நூறு ரூபாய்தான். அதனால் சோதிக்காமலே வாங்கி மாட்டிவிட்டு, மறுபடி அதே குறியீட்டைப் பார்த்து விழிப்பவர்கள் நிறைய. அந்தக் குறியீடு சொல்வது இவ்வளவுதான்: 'மோட்டாரைச் சுற்றச் சொன்னேன், சுற்றியதாகச் சேதி வரவில்லை.' மோட்டார் நிஜமாகவே சுற்றாமல் இருக்கலாம். சுற்றியும் சேதி போர்டுக்கு (மெஷினை இயக்கும் மின்சுற்றுப் பலகை) வந்து சேராமல் இருக்கலாம். காந்தம், சென்சார், ஒயர், கனெக்டர், போர்டு என்று சேதி போகிற பாதையில் எந்த இடத்தில் அறுந்தது என்று கண்டுபிடிப்பதுதான் நம் வேலை.

உங்கள் மெஷின் எந்த ரகம்?

இரண்டு தொட்டி வைத்த செமி ஆட்டோமேட்டிக் மெஷினில் இந்தச் சென்சார் கிடையாது. டைமர், கெப்பாசிட்டர், மோட்டார், அவ்வளவுதான். அது சுற்றவில்லையென்றால் கெப்பாசிட்டரையும் பெல்ட்டையும் பாருங்கள். இந்தக் கட்டுரை உங்களுக்கு வேண்டாம்.

ஃப்ரன்ட் லோடு மெஷினின் பின்மூடியைக் கழற்றினால் இரண்டில் ஒன்று தெரியும். பெரிய புல்லி, அதிலிருந்து கீழே ஒரு சின்ன மோட்டாருக்கு ஓடும் பெல்ட் தெரிந்தால் அது பெல்ட் ரகம். அந்த மோட்டாரில் கார்பன் பிரஷ் (சுற்றும் பகுதிக்கு மின்சாரம் தரும் கரித் துண்டு) இருந்தால் வேகத்தை அளப்பது டேக்கோ காயில். பெல்ட்டே இல்லாமல், டிரம்மின் நடு அச்சிலேயே சாப்பாட்டுத் தட்டைவிடப் பெரிய வட்டு ஒன்று மாட்டியிருந்தால் அது டைரக்ட் டிரைவ். எல்ஜி தன் மெஷின்களில் 1998-இல் கொண்டுவந்த இந்த அமைப்பில் வேலை செய்வது ஹால் சென்சார்.

மூன்றாவதாக ஒன்றும் உண்டு. பெல்ட் இருக்கும், ஆனால் பிரஷ் இல்லாத இன்வெர்ட்டர் மோட்டார். இவற்றில் பலவற்றில் சென்சார் என்று தனியாக எதுவும் வைத்திருக்க மாட்டார்கள். மோட்டார் இழுக்கும் மின்னோட்டத்தை வைத்தே போர்டு வேகத்தைக் கணக்கிட்டுக்கொள்ளும். இல்லாத சென்சாரைத் தேடி மோட்டாரைப் பிரித்துவிடாதீர்கள்.

வாரன்டி அட்டையையும் ஒருமுறை எடுத்துப் பாருங்கள். டைரக்ட் டிரைவ் மோட்டாருக்கு 10 ஆண்டு வாரன்டி தருவது வழக்கம். சென்சார் அதற்குள் வருமா என்று கேட்டுத் தெரிந்துகொண்ட பிறகு ஸ்க்ரூ டிரைவரைக் கையில் எடுக்கலாம்.

கை வைக்கும் முன்

பிளக்கைக் கழற்றிவிடுங்கள். சுவர் ஸ்விட்சை மட்டும் அணைப்பது போதாது. ஸ்விட்சை நியூட்ரல் பக்கம் மாட்டியிருக்கும் வீடுகள் உண்டு. அங்கே ஸ்விட்ச் அணைந்திருந்தாலும் மெஷினுக்குள் ஃபேஸ் நின்றுகொண்டே இருக்கும். இன்வெர்ட்டர் போர்டில் உள்ள பெரிய கெப்பாசிட்டர், 230 வோல்ட் ஏசியை ஏறக்குறைய 320 வோல்ட் டிசியாகச் சேர்த்து வைத்திருக்கும். பிளக்கை எடுத்த பிறகும் அது கொஞ்ச நேரம் தாங்கும். 10 நிமிடம் காத்திருங்கள். போர்டைத் தொட வேண்டிய நிலை வந்தால், முதலில் அந்தக் கெப்பாசிட்டரின் இரண்டு கால்களில் மீட்டரை வைத்து வோல்ட் இறங்கிவிட்டதா என்று பாருங்கள்.

மெஷினை ஆன் செய்து வைத்துக்கொண்டு சென்சார் ஒயரில் மீட்டர் முனையை வைப்பதைச் சில வீடியோக்களில் காட்டுவார்கள். புதியவர்கள் அந்தப் பக்கமே போக வேண்டாம். பல வாஷிங் மெஷின் போர்டுகளில் 5 வோல்ட், 12 வோல்ட் பகுதியும் மெயின் லைனோடு நேராகச் சேர்ந்திருக்கும். மீட்டரில் 5 வோல்ட் காட்டும் அதே ஒயர், ஈரத் தரையில் நிற்கும் உங்களுக்கு 230 வோல்ட்டாக இருக்கக்கூடும். இந்தக் கட்டுரையில் உள்ள எல்லாச் சோதனையும் பிளக் வெளியே இருக்கும்போது செய்பவை.

தேவைப்படுவது: ஓம், ஏசி வோல்ட், டிசி வோல்ட் அளக்கும் சாதாரண டிஜிட்டல் மல்டிமீட்டர், ஸ்டார் ஸ்க்ரூ டிரைவர், 10 மி.மீ., 17 மி.மீ. பாக்ஸ் ஸ்பேனர், டார்ச், ஒரு பழைய யு.எஸ்.பி. ஒயர், போன் சார்ஜர். ஃப்ரன்ட் லோடு மெஷின் 60 கிலோவுக்கு மேல் கனக்கும். உள்ளே கான்கிரீட் பாளம் இருக்கிறது. நகர்த்த இரண்டு பேர் வேண்டும்.

திறக்காமலே தெரிந்துகொள்ளக்கூடியவை

துணியை எல்லாம் வெளியே எடுங்கள். தண்ணீர் நின்றால் கீழே உள்ள ஃபில்டர் வழியாக வடித்துவிடுங்கள். டிரம்மைக் கையால் மெல்லச் சுற்றுங்கள். டைரக்ட் டிரைவ் மெஷினில் லேசாகப் படிப்படியாக இடறுவதுபோல ஒரு உணர்வு இருக்கும். காந்தத்தின் இழுப்பு அது. கோளாறு என்று பயப்பட வேண்டாம். ஒரே இடத்தில் 'டக்' என்று முட்டி நின்றால் டிரம்முக்கும் வெளித் தொட்டிக்கும் நடுவே காசோ, உள்ளாடைக் கம்பியோ சிக்கியிருக்கும். கரகரவென்று ஆட்டுக்கல் சுற்றுகிற சத்தம் வந்தால் பேரிங். இந்த இரண்டிலும் சென்சார் நிரபராதி.

காலியாக இருக்கும்போது நன்றாக ஓடி, பெட்ஷீட் இரண்டு போட்டதும் குறியீடு வருகிறதா? அளவுக்கு மீறிய சுமையாக இருக்கலாம், மின்னழுத்தம் குறைவாகவும் இருக்கலாம். வேறு ஒரு நேரத்தில், பாதி சுமையில் ஓட்டிப் பார்த்துவிட்டு முடிவு செய்யுங்கள்.

டிரம் எப்படித் தவறுகிறது என்று கூர்ந்து பாருங்கள், அதிலேயே பாதி விடை இருக்கிறது. நடுங்கி நடுங்கி நின்றால், டைரக்ட் டிரைவில் ஒரு ஹால் சிக்னலோ, மோட்டாரின் மூன்று ஃபேஸில் (காயில் தொகுதிகளில்) ஒன்றோ போயிருக்கிறது. பெல்ட் மெஷினில் டிரம் மெதுவாகக் கிளம்பாமல், திடீரென்று வெறிபிடித்ததுபோல் வேகமெடுத்து, இரண்டொரு விநாடியில் பட்டென்று நின்றால் அது டேக்கோவின் கையெழுத்து. எந்த அசைவும் இல்லாமல், சத்தமும் இல்லாமல் இருந்தால் முதலில் கார்பன் பிரஷ்ஷையும் ஒயரையும் சந்தேகியுங்கள்.

டைரக்ட் டிரைவ்: ஹால் சென்சார்

காந்தப்புலத்தில் வைத்த, மின்னோட்டம் பாயும் கடத்தியில் குறுக்காக ஒரு மின்னழுத்தம் உண்டாவதை எட்வின் ஹால் 1879-இல் கண்டார். அதே விளைவை வைத்துத்தான் இந்தச் சின்னக் கறுப்புப் பிளாஸ்டிக் துண்டு வேலை செய்கிறது. வெளியே சுற்றும் வட்டு ரோட்டர். அதன் உள்விளிம்பில் வடக்கு, தெற்கு என்று மாறி மாறிக் காந்தங்கள். உள்ளே அசையாமல் இருக்கும் காயில் கூட்டம் ஸ்டேட்டர். சென்சார் ஸ்டேட்டரின் ஓரத்தில் கவ்வியிருக்கும். ஒரு காந்தம் கடக்கும்போது சிக்னல் மேலே போகும், அடுத்த காந்தத்தில் கீழே இறங்கும். இப்படி இரண்டு சிக்னல்கள், ஒன்றுக்கொன்று சற்று முன்பின்னாக. எது முதலில் மாறுகிறது என்பதை வைத்து போர்டு திசையை அறிகிறது. ஒன்று போனாலும் திசை தெரியாமல் போர்டு தடுமாறும். டிரம் நடுங்குவது அதனால்தான்.

பின்மூடியின் ஸ்க்ரூக்களைக் கழற்றியதும் உடனே ரோட்டரைப் பிரிக்காதீர்கள். டார்ச் அடித்து ஒயரை அடிமுதல் நுனிவரை பாருங்கள். நம் ஊரில் எலி ஒரு தனி இலாகா. மெஷினின் அடிப்பகுதி திறந்திருக்கும், உள்ளே வெதுவெதுப்பாக இருக்கும். சென்சார் ஒயர் மெல்லியது, கடிக்க வசதி. புழுக்கையோ, உரிந்த பிளாஸ்டிக் துணுக்கோ கிடந்தால் தேட வேண்டிய இடம் தெரிந்துவிட்டது.

அடுத்து, மீட்டரே வேண்டாத ஒரு சோதனை. மோட்டாரிலிருந்து போர்டுக்குப் போகும் மூன்று தடித்த ஒயர்களின் கனெக்டரைக் கழற்றாமல் டிரம்மைச் சுற்றிப் பாருங்கள். பிறகு கழற்றிவிட்டுச் சுற்றுங்கள். மாட்டியிருக்கும்போது சேற்றில் இழுப்பதுபோல் கனமாகவும், கழற்றியதும் லேசாகவும் இருந்தால் கோளாறு போர்டில். மோட்டாரை ஓட்டும் பவர் பகுதி ஷார்ட் ஆகியிருக்கிறது. கழற்றிய பிறகும் கனமாகவே இருந்தால் ஸ்டேட்டர் காயிலுக்குள் ஷார்ட். இரண்டிலும் லேசாகச் சுற்றினால் மேலே போகலாம்.

இனி மீட்டர். அளப்பதை எப்போதும் போர்டுப் பக்கக் கனெக்டரில் தொடங்குங்கள். அங்கே அளவு சரியாக வந்தால் சென்சார், ஒயர், நடுவில் உள்ள இணைப்புகள் எல்லாவற்றையும் ஒரே அடியில் பார்த்ததாகிவிடும். தவறாக வந்தால் மட்டும் மோட்டார்ப் பக்கம் போய் அளந்து, கோளாறு ஒயரிலா சென்சாரிலா என்று பிரித்துக்கொள்ளலாம்.

மூன்று தடித்த ஒயர்களில் ஒன்று-இரண்டு, இரண்டு-மூன்று, மூன்று-ஒன்று என்று ஓம் பாருங்கள். எல்ஜி ஃப்ரன்ட் லோடு மெஷின்களில் இது வழக்கமாக 5 முதல் 15 ஓமுக்குள் இருக்கும். எண் எவ்வளவு என்பதைவிட மூன்றும் ஒன்றுபோல் வருகிறதா என்பதுதான் முக்கியம். இரண்டு ஜோடியில் முடிவிலி (தொடர்பே இல்லை என்று) காட்டினால் ஒரு ஃபேஸ் அறுந்துவிட்டது. எந்த ஒயருக்கும் மெஷினின் இரும்பு உடம்புக்கும் நடுவே தொடர்பு காட்டவே கூடாது. பிறகு மீட்டரை ஏசி வோல்ட்டுக்கு மாற்றி, அதே மூன்று ஜோடிகளிலும் டிரம்மை ஒரே வேகத்தில் சுற்றவிட்டுப் பாருங்கள். காந்தம் இருப்பதால் மோட்டார் இப்போது ஜெனரேட்டர். மூன்றிலும் ஏறக்குறைய ஒரே அளவு வர வேண்டும். வேகமாகச் சுற்றினால் நல்ல வோல்ட் வரும். முனைகளைக் கையால் தொடாதீர்கள்.

மோட்டார் பக்கம் குற்றமில்லை என்று தெரிந்த பிறகுதான் சென்சார். அதன் கனெக்டரில் நாலைந்து மெல்லிய ஒயர்கள் இருக்கும். எது பாசிட்டிவ், எது நெகட்டிவ், எவை சிக்னல் என்பது மாடலுக்கு மாடல் மாறும். மெஷினுக்குள் ஒட்டியோ, உறையில் போட்டுச் சொருகியோ ஒயரிங் தாள் இருக்கும். அதைப் பார்த்துத்தான் முடிவு செய்ய வேண்டும். நிறத்தை வைத்து ஊகிக்காதீர்கள். பாசிட்டிவுக்கும் ஒவ்வொரு சிக்னலுக்கும் நடுவே ஓம் பார்த்தால் எல்ஜி சென்சார்களில் 5 முதல் 15 கிலோ ஓம் வரும். இரண்டு சிக்னலுக்கும் ஏறக்குறைய ஒரே எண் வர வேண்டும். ஒன்று 10 கிலோ ஓம், இன்னொன்று முடிவிலி என்றால் கேஸ் முடிந்தது.

எண் சரியாக வந்தாலும் சென்சார் நல்லது என்று சொல்லிவிட முடியாது. அந்த ஓம் உள்ளே இருக்கும் ரெசிஸ்டரைத்தான் காட்டுகிறது, ஹால் சிப்பை அல்ல. சிப்பைப் பார்க்க உயிர் கொடுத்தாக வேண்டும். அதற்குத்தான் போன் சார்ஜர்:

1. கனெக்டர் போர்டிலிருந்து கழன்று இருக்கட்டும். பழைய யு.எஸ்.பி. ஒயரை வெட்டி, சிவப்பு, கறுப்பு ஒயர்களை உரித்து, 5 வோல்ட் வருகிறதா, பாசிட்டிவ் எது என்று மீட்டரில் உறுதி செய்யுங்கள். மலிவு ஒயரில் நிறம் ஏமாற்றும். பிறகு சார்ஜரை அணைத்துவிடுங்கள்.

2. சிவப்பை சென்சாரின் பாசிட்டிவிலும் கறுப்பை நெகட்டிவிலும் இணையுங்கள். கனெக்டரின் பின்பக்கத் துளையில் குண்டூசி சொருகி அதில் மாட்டினால் பிடிக்கும். ஊசிகள் ஒன்றையொன்று தொடாமல் இன்சுலேஷன் டேப் சுற்றுங்கள். தலைகீழாக மாட்டினால் நல்ல சென்சாரும் அந்த நொடியே போய்விடும்.

3. சார்ஜரை ஆன் செய்து, மீட்டரை டிசி வோல்ட்டில் வைத்து, கறுப்பு முனையை நெகட்டிவிலும் சிவப்பு முனையை முதல் சிக்னலிலும் வையுங்கள். டிரம்மை மிக மெல்ல, விரலளவு விரலளவாகத் திருப்புங்கள். வேகமாகச் சுற்றினால் மீட்டர் இரண்டுக்கும் நடுவே ஏதோ ஒரு எண்ணைக் காட்டிக் குழப்பும்.

4. சிக்னல் 0-க்கு அருகிலிருந்து 5-க்கு அருகில் தாவ வேண்டும், அடுத்த சில மில்லிமீட்டரில் மறுபடி விழ வேண்டும். டிரம் ஒரு முழுச் சுற்று வரும்வரை பாருங்கள். இரண்டாவது சிக்னலுக்கும் இதையே செய்யுங்கள்.

சிக்னல் எப்போதும் 0-விலேயே நின்று எதுவும் நடக்கவில்லையென்றால், சென்சாருக்குள் ரெசிஸ்டர் இல்லாத ரகமாக இருக்கலாம். பாசிட்டிவுக்கும் சிக்னலுக்கும் நடுவே 10 கிலோ ஓம் ரெசிஸ்டர் ஒன்றை வைத்து மறுபடி பாருங்கள். தாளில் சென்சாருக்கு 12 வோல்ட் என்று போட்டிருந்தால் 12 வோல்ட் அடாப்டரில் ஒருமுறை சோதிக்கலாம். அதற்கும் அசையாவிட்டால் சென்சார் செத்துவிட்டது. இரண்டும் சீராகத் தாவினால் சென்சார் நல்லது. அதை மாற்றி ஒரு பயனும் இல்லை.

ஒரு சுற்றில் குறிப்பிட்ட ஓரிடத்தில் மட்டும் தாவல் விடுபடுகிறதா? அந்த இடத்தில் ரோட்டர் காந்தம் பெயர்ந்திருக்கும் அல்லது விரிசல் விட்டிருக்கும். சென்சாரைக் குறை சொல்லாமல் ரோட்டரைக் கழற்றிப் பாருங்கள்.

கழற்றி மாற்றுவது

எல்ஜி ஃப்ரன்ட் லோடில் ரோட்டரின் நடு போல்ட் 17 மி.மீ. ஒருவர் டிரம்மை உள்ளிருந்து பிடித்துக்கொள்ள, இன்னொருவர் திருக வேண்டும். போல்ட் வந்ததும் ரோட்டரை இரண்டு பக்கமும் சமமாக, நேராக இழுங்கள். பாதியில் விட்டால் காந்தம் 'படார்' என்று திரும்ப இழுத்துக்கொள்ளும், விரல் நடுவில் இருந்தால் நசுங்கும். கழற்றிய ரோட்டரைத் தரையில் வைக்காமல் துணி விரித்து வையுங்கள். இரும்புத்தூளும் ஸ்க்ரூவும் ஒட்டிக்கொண்டால் எடுப்பது பெரும்பாடு.

ரோட்டரின் நடுவே பல் பல்லாக இருக்கும் துளையையும் பாருங்கள். பற்கள் தேய்ந்திருந்தால் ரோட்டர் சுற்றும், டிரம் சுற்றாது.

ஸ்டேட்டரை ஆறு 10 மி.மீ. போல்ட்டுகள் பிடித்திருக்கும். கடைசி போல்ட்டைக் கழற்றும்போது ஸ்டேட்டரைக் கையில் தாங்கிக்கொள்ளுங்கள், ஒயரில் தொங்கவிடாதீர்கள். சென்சார் பிளாஸ்டிக் கவ்விகளில்தான் நிற்கிறது. தட்டை ஸ்க்ரூ டிரைவரால் மெல்ல நெம்பினால் வந்துவிடும். கழற்றும் முன் எந்தப் பள்ளத்தில் உட்கார்ந்திருக்கிறது என்று படம் எடுத்துக்கொள்ளுங்கள். புதிய சென்சாரைப் பழையதில் உள்ள பார்ட் நம்பரைப் பார்த்து வாங்குங்கள். உருவம் ஒத்திருப்பதை நம்பினால் ஒயர் வரிசை மாறிய சென்சார் வந்து சேரும்.

கனெக்டர் ஊசிகளில் பச்சையோ வெள்ளையோ பூத்திருந்தால் கான்டாக்ட் கிளீனர் அடித்துத் துடைத்து, இரண்டு மூன்று முறை சொருகி எடுங்கள். பல மெஷின்களில் இதுவே வைத்தியம் முழுவதும். ஆனால் ஈரம் எங்கிருந்து வந்தது என்று கேட்டாக வேண்டும். தொட்டியின் நடுவே, அச்சைச் சுற்றித் துருப்பிடித்த தண்ணீர் வழிந்த தடம் தெரிந்தால் சீல் கிழிந்துவிட்டது. அடுத்து பேரிங் போகும். புதுச் சென்சார் மாட்டினாலும் அதன் தலையில் உப்புத் தண்ணீர் சொட்டிக்கொண்டுதான் இருக்கும். சீல், பேரிங் வேலையை முதலில் முடியுங்கள்.

பெல்ட் மெஷின்: டேக்கோ

இது எளிது. மோட்டார் அச்சின் பின்முனையில் ஒரு சின்ன வட்டக் காந்தம், அதைச் சுற்றி மெல்லிய கம்பிக் காயில். மோட்டார் சுற்றும்போது காயிலில் ஏசி உண்டாகும். வேகம் கூடினால் அதுவும் கூடும். பிரஷ் உள்ள இந்த மோட்டாருக்குச் சொந்தமாக வேகக் கட்டுப்பாடு கிடையாது. சுமையில்லாமல் விட்டால் வேகம் ஏறிக்கொண்டே போகும். டேக்கோ சேதி வராதபோது போர்டு 'இன்னும் சுற்றவில்லை போலிருக்கிறது' என்று மேலும் மேலும் மின்சாரம் கொடுத்து, பிறகு பயந்து நிறுத்துகிறது. இதனால்தான் மோட்டாரைத் தனியாகக் கழற்றி நேராக 230 வோல்ட்டில் சொருகிப் பார்க்கவே கூடாது என்பது.

பெல்ட்டைக் கழற்றி, மோட்டார் கனெக்டரை உருவுங்கள். பிரஷ்ஷுக்கும் ஃபீல்டு காயிலுக்கும் (மோட்டாரின் அசையாத காயில்) போகும் ஜோடிகளில் சில ஓம்தான் வரும். டேக்கோ ஜோடியில் பெரும்பாலும் பத்துகளிலிருந்து சில நூறு ஓம் வரை வரும். முடிவிலி காட்டினால் காயில் அறுந்துவிட்டது. சரியாக இருந்தால் மீட்டரை ஏசி வோல்ட்டின் சிறிய அளவில் வைத்து, மோட்டார் புல்லியைக் கையால் வேகமாகச் சுண்டிவிடுங்கள். கொஞ்சமாவது வோல்ட் எழ வேண்டும், சுற்றல் தணியத் தணிய அதுவும் இறங்க வேண்டும்.

ஓம் சரி, வோல்ட் மட்டும் இல்லை என்றால் காந்தத்தைப் பாருங்கள். மோட்டாரின் பின்மூடியைத் திறந்து காந்தத்தை விரலால் திருகுங்கள். அச்சு அசையாமல் காந்தம் மட்டும் சுற்றினால் அது தளர்ந்துவிட்டது. துவைக்கும்போது ஓடி, ஸ்பின்னில் மட்டும் தகராறு செய்யும் மெஷின்களில் இதைக் காணலாம். காயிலைப் பிடிக்கும் கிளிப் கழன்று விழுந்திருப்பதும் உண்டு. கார்பன் தூள் கறுப்பாகப் படிந்திருந்தால் உலர்ந்த பிரஷ்ஷால் தட்டிவிடுங்கள். அப்படியே கார்பன் பிரஷ்ஷின் நீளத்தையும் பாருங்கள். ஒன்றரை சென்டிமீட்டருக்குக் கீழே தேய்ந்திருந்தால் இரண்டையும் சேர்த்து மாற்றிவிடுங்கள். ஒன்றை மட்டும் மாற்றக் கூடாது.

எல்லாம் சரி, குறியீடு மட்டும் போகவில்லை

காந்தம் நன்று, சென்சார் நன்று, ஒயர் போர்டுவரை அறுபடாமல் போகிறது என்றால் மிச்சம் போர்டுதான். அதற்கு முன் ஒயரை ஆட்டி ஆட்டி ஒருமுறை ஓம் பாருங்கள். டிரம் ஆடும்போது ஒயரும் கூட ஆடி, மடியும் இடத்தில் உள்ளே அறுந்து, வெளியே உறை முழுசாக இருக்கும். நிற்கும்போது தொடர்பு காட்டும், ஓடும்போது விட்டுவிடும். போர்டு வாங்கப் பல ஆயிரம் ஆகும். ஆட்டிப் பார்க்க ஒரு நிமிடம் போதும்.

எல்லாவற்றையும் மாட்டிய பிறகு, துணி இல்லாமல் அலசல், ஸ்பின் மட்டும் உள்ள நிரலில் ஓட்டுங்கள். பின்மூடியை மாட்டாமல் பிளக்கைச் சொருகாதீர்கள். முதல் ஸ்பின்னில் உரசல் சத்தம் கேட்டால் நிறுத்தி, ரோட்டர் போல்ட் இறுகியிருக்கிறதா, சென்சார் கவ்வி முழுக்க உட்கார்ந்திருக்கிறதா என்று பாருங்கள். சரியாக உட்காராத சென்சார் ரோட்டரில் உரசி இரண்டாவது ஸ்பின்னுக்குள் போய்விடும்.